உப்பூற்றி

புளியரை சோதனைச் சாவடியில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
டயர்களுக்கு மருந்தடிப்பது என் வேலை.
அந்தப் பக்கம் கோழிக்குக் காய்ச்சல் வந்தால்
இந்தப் பக்கம் என் கைக்குக் குழாய் வரும்.
தினக்கூலி. மழைக்கோட்டு அவர்கள் கொடுத்தது.
தொண்ணூறு ரூபாய்ச் செருப்பு என்னுடையது.

முதல் அடியில்தான் குத்தும் என்பார்கள்,
விடிந்ததும், பாயை விட்டு எழும்போது.
எனக்கு விடிவது மதியம் பன்னிரண்டரைக்கு.
குதிங்காலுக்குள் கண்ணாடி வளையல்
யாரோ உடைத்துப் போட்டதுபோல.
அடுப்படி போய்ச் சேர்வதற்குள் பாதி கரையும்.
குளித்து முடித்தால்
நான் வரவே இல்லை என்று சத்தியம் செய்யும்.
செங்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து இறங்கினால்
மறுபடி ஆஜர்.

சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதி என்றாள்
எதிர்வீட்டு ஆவுடைத்தங்கம்.
மிதித்தேன். கொப்புளம் மிச்சம்.

கொல்லத்திலிருந்து மீன் ஏற்றி வரும் பினோய்
நான் நொண்டுவதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு,
"எந்தா சேச்சி, உப்பூற்றி வேதனயா?" என்றான்.
எனக்கு மலையாளம் பாதிதான் புரியும்,
மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன்.
உப்பு ஊற்றச் சொல்கிறான், நல்ல பிள்ளை.

கல்லுப்பு இரண்டு கைப்பிடி, வெந்நீர், சிவப்பு வாளி.
பதினெட்டு நாள்.
வாளிக்குள் இருக்கும்வரை சொர்க்கம்,
வெளியே எடுத்தால் அதே சிமெண்டுத் தரை.

தென்காசி ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள்.
எலும்பில் கொக்கிபோல ஒரு முளை.
"இதுதானே குத்துது!" என்றேன்,
திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில்.
"இல்லக்கா,
வலியே இல்லாத ஆளுக்கும் இது இருக்கும்,
சும்மா அதைக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள்
பிசியோதெரபி அறையிலிருந்த ஜெசிந்தா.
என் பாதத்தைத் தன் மடிமேல் திருப்பிவைத்து
பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டாள்,
குதிங்காலிலிருந்து விரல் அடிவரை.
"இங்க ஒரு நார் ஓடுது.
நின்னு நின்னு இழுபட்டு நொந்து கிடக்கு.
தூங்கும்போது சுருங்கிப் போகுது.
நீங்க எழுந்து ஒரே மிதியா மிதிச்சா
அது என்ன செய்யும்?"

அந்த மை மூன்று நாள் இருந்தது.
தேய்த்துக் குளிக்கவில்லை நான்.
எட்டு மணி நேரம் என்னைத் தாங்குவது
இத்தனை மெல்லியதா?

எழும் முன்பே துண்டை விரல்களில் மாட்டி
முப்பது எண்ணும்வரை இழு.
வெறுங்காலோடு தரையில் இறங்காதே.
தடித்த அடியுள்ள செருப்பு வாங்கு (வாங்கினேன், கடனுக்கு).
சுவரில் கையூன்றி, பின்காலை மடக்காமல்,
கெண்டைக்கால் இழுபடும்வரை சாய்.
சாவடிச் சுவரில் சாய்ந்தேன்.
"சுவரைக் கேரளாவுக்குத் தள்ளப் பாக்கியாம்மா?"
ஏட்டு மரியசெல்வத்துக்கு அன்றைய சிரிப்பு அது.
எப்போது சரியாகும் என்று கேட்டதற்கு
"மாசக்கணக்கு ஆகும்க்கா" என்றாள்.
நாளைக்கே என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லாததால் நம்பினேன்.

பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து
உள்ளங்காலில் உருட்டவும் சொன்னாள்.
வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.
பினோயை மறித்தேன்:
"உன் பேச்சைக் கேட்டு எத்தனை கிலோ உப்புடா!"
"உப்போ? ஞான் பறஞ்ஞில்லல்லோ!"
காலைத் தூக்கி, தன் குதிங்காலைத் தட்டிக்காட்டினான்.
"இதாணு சேச்சி, உப்பூற்றி."

மலைக்கு அந்தப் பக்கம் அதற்கு அதுதான் பெயர்.

இப்போது வாரம் மூன்று நாள்
அயிலைகளுக்கு நடுவே புதைத்துவைத்த பாட்டில் வருகிறது.
இரவு இரண்டரை மணி,
எஸ் வளைவில் விளக்கு எதுவும் தெரியாத பத்து நிமிடம்,
நாற்காலியில் உட்கார்ந்து உருட்டுகிறேன்.
சாவடி நாய் என் பாதத்தை மரியாதையோடு முகர்கிறது.

நேற்று துண்டை மறந்து எழுந்துவிட்டேன்.
அடுப்படியில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.
குத்தியதா? குத்தியிருக்கும்.
கவனிக்கவில்லை.

இன்று குத்தியது.
துண்டைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.